எல்லாக் கம்பிக்கும் ஒரே எர்த்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், பிறகு செல்போன் டவர் என்று பல வருடங்கள் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். சித்திரை, வைகாசியில் கோடை மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு பருவத்திலும் எங்கள் பக்கம் சாயங்காலமானால் இடிதான். மறுநாள் காலையில் செத்துப்போன மோடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இடி நம்ம வீட்டுல விழவே இல்லையே, அப்புறம் எப்படிண்ணே போச்சு?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் தெரிந்துவிட்டால், பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சேதம் எப்படி வருகிறது?

ஒரு மின்னல் சுமார் 30,000 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரையில் இறக்கும். எர்த்தின் தடை 5 ஓம் என்றால், அந்தக் கணத்தில் எர்த் கம்பியே 1,50,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். பாடுபட்டுத் தடையை 1 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 30,000 வோல்ட் நிற்கும். மின்னல் நேராக விழ வேண்டும் என்றுகூட இல்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலே போஸ்ட் வழியாக ஓடும் நீளமான கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும்.

இந்த ஏற்றத்தை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. கருவிக்கும் அதே கணக்குதான். அதில் மாட்டியிருக்கும் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் அது பிழைத்துக்கொள்ளும். கரண்ட் ஒரு எர்த்திலும் டெலிபோன் லைன் இன்னொரு எர்த்திலும் இருந்தால், நடுவில் மாட்டிக்கொண்ட கருவி வழியாகத்தான் மின்சாரம் பாயும்.

தனி எர்த் வேண்டாம்

"கம்ப்யூட்டருக்குத் தனி எர்த் போட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழி எத்தனை வேண்டுமானாலும் தோண்டுங்கள். ஆனால் இடிதாங்கி, மின் இணைப்பு, ஜெனரேட்டர், டவர், கருவி அறை என அத்தனை எர்த்தும் பட்டைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். மின்னல் பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 தரநிலையும் இதைத்தான் கேட்கிறது.

அந்த இணைப்பு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் வெளிக் கேபிள்கள் வந்து சேரும் எம்டிஎஃப் சட்டத்தில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பாதுகாப்பு மாட்யூல் உண்டு. அதற்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு வாயுக் குழல். மணியடிக்கும் 75 வோல்ட்டுக்கு அது அசையாது. சுமார் 230 வோல்ட்டைத் தாண்டினால் கடத்தத் தொடங்கி எர்த்துக்குத் தள்ளிவிடும். ஒரு மழை இரவுக்குப் பிறகு ஒரு சிறிய எக்ஸ்சேஞ்சில் வரிசையாகக் கார்டுகள் செத்துக் கிடந்தன. மாட்யூல்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. சட்டத்தின் அடியில் எர்த் கம்பி சேரும் லக் துருவேறி, விரலால் தொட்டதும் சுழன்றது. ஒரு லைனில் வந்த அடி எர்த்துக்குப் போக வழியில்லாமல், சட்டம் வழியாக மற்ற லைன்களுக்கெல்லாம் பரவியிருந்தது. விலை உயர்ந்த மாட்யூல் வாங்குவதற்கு முன்னால் அந்த லக்கின் போல்ட்டை ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள்.

எல்லாக் கேபிளுக்கும் ஒரே வாசல்

மலைமேல் ஒரு டவரில் மழைக்காலம் வந்தாலே பவர் மாட்யூல் எரியும். ஆன்டெனா கேபிள்கள் மேலேயும் கீழேயும் அறை வாசலிலும் முறையாக எர்த் செய்யப்பட்டிருந்தன. உச்சியில் எரியும் சிவப்பு விளக்குக்குப் போகும் சாதாரண வயரை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது சுவரில் தனியாக ஓட்டை போட்டு உள்ளே வந்து நேராக பவர் போர்டில் ஏறியது. மின்னலுக்கு அதுதான் ராஜபாட்டை. வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு முனையையும் எர்த் செய்து, மற்றக் கேபிள்கள் நுழையும் இடத்திலேயே, திடீர் வோல்ட்டேஜ் ஏற்றத்தை எர்த்துக்குத் தள்ளும் சர்ஜ் தடுப்பானோடு உள்ளே கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

வீட்டுக்கும் இதே விதிதான். கரண்ட், இன்டர்நெட், டிஷ், மாடி கேமரா வயர்களை முடிந்தவரை ஒரே பக்கமாகக் கொண்டுவந்து, நுழையும் இடத்திலேயே ஒரே எர்த்தோடு சேருங்கள்.

அரை மீட்டருக்கு மேல் போகாதீர்கள்

சர்ஜ் தடுப்பானை மாட்டும் எலக்ட்ரீஷியன், பெட்டியின் ஓரமாக வயரை வளைத்து, சுருட்டி, டை கட்டி அழகாக முடிப்பார். மின்னலுக்கு அந்த அழகு ஆகாது. ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. மின்னோட்டம் மைக்ரோவினாடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறினால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1,000 வோல்ட் நிற்கும். அது அப்படியே கருவியின் தலையில் விழும். லைனிலிருந்து தடுப்பானுக்கும் தடுப்பானிலிருந்து எர்த் பட்டைக்கும் போகும் கம்பி, இரண்டும் சேர்த்து அரை மீட்டருக்குள் நேராக இருக்கட்டும்.

ஃபைபர் வந்துவிட்டதே?

கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, உண்மை. ஆனால் வீட்டுக்கு வரும் ஃபைபர் வயரில் பெரும்பாலும் இழுவிசைக்காக இரும்புக் கம்பியும் இருக்கும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். மோடத்துக்கு 230 வோல்ட் அடாப்டர் வழியாகவும் அடி வரும். நான் பார்த்தவற்றில் பல மோடங்களில் பவர் விளக்கும் ஃபைபர் விளக்கும் பச்சையாக எரியும். லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும். மாடி கேமராவுக்கு இழுத்த லேன் கேபிள்தான் காரணம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு லேன் கேபிள் இழுக்காதீர்கள். அங்கே ஃபைபர் போடுங்கள்.

இடி இல்லாமலும் எரியும்

காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் 400 வரைக்கும் போகலாம். சர்ஜ் தடுப்பான் மைக்ரோவினாடிக் கணக்குக்குச் செய்தது; நிமிடக்கணக்கில் இதைத் தாங்காமல் அதுவே எரிந்துபோகும். அதிக வோல்ட்டேஜில் லைனைத் துண்டிக்கும் கருவியையும் மெயின் போர்டில் வையுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் செருகிய ஸ்பைக் பஸ்டரால் பாதிப் பயன்கூட இல்லை.

கோடையில் அளந்து பாருங்கள்

சோதனைக்கு ஆள் வரும் அன்று எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, "ரீடிங் நல்லா இருக்கு சார்" என்பார்கள். பங்குனி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது அளந்த எர்த் தடைதான் நிஜமான அளவு. கோடை மழை இறங்குவது அந்தக் காய்ந்த மண்ணில்தானே? அதே சமயம், தாமிரப் பட்டை திருடு போயிருக்கிறதா, தடுப்பானின் பச்சை ஜன்னல் சிவப்பாகியிருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். சிவப்பென்றால் அது உயிரை விட்டு உங்கள் கருவியைக் காப்பாற்றியிருக்கிறது. உடனே மாற்றுங்கள்.

கடைசியாக, மனிதர்கள்

பிளக்கைப் பிடுங்குவதென்றால் மேகம் கறுக்கும்போதே பிடுங்குங்கள். இடி இடிக்கும்போது வயரைத் தொடவே கூடாது. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் டவரில் ஆள் ஏறக் கூடாது. வயர் உள்ள டெலிபோனில் பேசக் கூடாது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். டவரில் ஏறும் ஒவ்வொரு பையனின் போனிலும் அது இருக்க வேண்டும். கார்டு போனால் வேறு கார்டு மாட்டிக்கொள்ளலாம். மேலே ஏறிய பையனைப் பத்திரமாகக் கீழே இறக்குவதுதான் சூப்பர்வைசரின் முதல் வேலை.