தின்னும் பூச்சியும் தூது போகும் பூச்சியும்

மேட்டூர் அணையின் மதகுகள் வழக்கப்படி ஜூன் 12-இல் உயர்த்தப்பட்டாலும், அங்கிருந்து இறங்கிய காவிரி கல்லணையைத் தாண்டிப் பலவாகப் பிரிந்து, மேல்மடை ஊர்களின் தாகத்தையெல்லாம் தணித்துவிட்டு, அரசலாறு என்றும் நாட்டாறு என்றும் திருமலைராசனாறு என்றும் பெயர் மாற்றிக்கொண்டு எங்கள் காரைக்கால் வாய்க்கால்களுக்கு வந்து சேரும்போது, தஞ்சைப் பக்கத்து நாற்றங்கால்கள் பச்சை பிடித்திருக்கும். நீர்தான் தாமதிக்கிறது, பூச்சி தாமதிப்பதில்லை. அது நட்ட மறுவாரமே வந்து நிற்கிறது. அப்போது கடைமடை விவசாயியின் முன்னே பல உபாயங்கள் விரிகின்றன: எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம், பட்டம் பார்த்து விதைத்தல், ஒட்டுண்ணி, வேம்பு, ரசாயன மருந்து. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பவருக்கு விடை சொல்ல இயலாது. எந்தப் பூச்சிக்கு என்று கேட்டாலும் போதாது. அந்தப் பூச்சி உங்கள் வயலில் என்ன உத்தியோகம் பார்க்கிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

சில பூச்சிகள் தின்ன வருகின்றன. சில தூது போகின்றன. இலைச்சுருட்டுப் புழுவும் குருத்துப்பூச்சியும் முதல் வகை. அவை தின்ற அளவே நமக்கு நஷ்டம், தின்பதை நிறுத்தினால் நஷ்டமும் நிற்கும். பச்சைத் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் இரண்டாவது வகை; அவை உறிஞ்சும் சாறு அற்பம், ஆனால் ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு அவை சுமந்து செல்லும் வைரஸ் அற்பமன்று. வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை. ஆகவே முதல் வகைக்குப் பொறுமையும், இரண்டாம் வகைக்கு முன்யோசனையும் தேவைப்படுகின்றன. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்து, தின்னும் பூச்சிக்கு அவசரப்பட்டும் தூது போகும் பூச்சிக்குக் காலம் கடந்தும் மருந்தடிக்கிறோம் என்பதே என் அபிப்பிராயம்.

நெடுங்காட்டுப் பக்கத்தில் சம்பா பயிரிடும் மாமா ஒருவர், நட்டு இருபதாம் நாள் இலைகள் சில வெள்ளை வெள்ளையாகச் சுருண்டிருப்பதைக் கண்டவுடன் கடைக்காரர் கொடுத்த புட்டியோடு வயலில் இறங்கியபோது, நான் வரப்பில் நின்றபடி, “எத்தனை இலை சுருண்டிருக்கிறது என்று எண்ணினீர்களா மாமா?” என்று கேட்டேன். “எண்ணுவதற்கு நான் என்ன கணக்குப்பிள்ளையா தம்பி? கண்ணுக்குத் தெரிகிறதே, போதாதா?” என்றார். கண்ணுக்குத் தெரிவது போதாது என்பதுதான் விஷயம். தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைகள் சேதப்படும்வரை மருந்துச் செலவு அதன் பலனால் ஈடாவதில்லை. இளம் பயிர் புதிய இலைகளை விட்டு இழந்ததை ஈடு செய்துகொள்கிறது. கண்ணாடி இலை வந்த பிறகு அந்தச் சலுகையைக் குறைத்து, நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ள வேண்டும். குருத்துப்பூச்சிக்குக் கணக்கு வேறு: சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்தல். மீகாங் நதியின் கழிமுகத்தில், நம்மைப் போலவே நெல்லையே நம்பி வாழும் வியட்நாம் விவசாயிகளிடம், விதைத்த முதல் 40 நாட்கள் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள் என்ற ஒரே ஒரு விதி 1990-களில் பிரசாரம் செய்யப்பட்டது. அதைப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் மகசூல் குறையாமலே தெளிப்புகள் குறைவதைக் கண்டார்கள்.

எண்ணிப் பார்த்தும் வரம்பு மீறியிருந்தால், அல்லது மீறும் என்று தோன்றினால், அப்போது தேர்வு செய்ய வேண்டியது மூன்று. முட்டையையே அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டைகள், குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுக்குக் கைலோனிஸ் என்று இனம் பார்த்து, ஏக்கருக்கு 2 சி.சி. வீதம், அதாவது ஏறத்தாழ 40,000 முட்டைகள், நட்ட முப்பதாம் நாளையொட்டித் தொடங்கி வாரம் ஒருமுறை கட்டப்படுகின்றன. இதன் குணம், மருந்தைப் போல நல்ல பூச்சிகளைக் கொல்லாமை. குறை, அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கும் வாரத்திலேயே கையில் இருக்க வேண்டும் என்பதும், ஐப்பசி அடைமழையில் கட்டிய அட்டை வீணாகிவிடும் என்பதும். கடலோர மழையை நம்பி வாழும் நாம் மழை விட்ட இடைவெளியைப் பார்த்தே இதைக் கட்ட வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு இரண்டாவது: ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பது, வெயிலில் அதன் வீரியம் விரைவில் கெடும். புழுவை உடனே கொல்லாமல் தின்ன விடாமல் செய்வது இதன் இயல்பாகையால், மறுநாள் காலையில் செத்த புழுவைத் தேடுபவர் ஏமாறுவார். மூன்றாவது ரசாயனம், அதிலும் குளோரான்ட்ரானிலிபுரோல் போலப் புழுக்களை மட்டும் பெரும்பாலும் குறிவைக்கும் மருந்துக்கும், பைரித்திராய்டு வகை போல எதிர்ப்பட்ட உயிரையெல்லாம் அடிக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரிவதைவிட அடுத்த மாதம் வரும் புகையானில் தெரியும்.

புகையானைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கார்த்திகை மார்கழியில், மழை ஓய்ந்து வெயிலும் மூடுபனியும் மாறிமாறி வரும் நாட்களில், தூரின் அடியில் நீர்மட்டத்துக்கு மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறுறிஞ்சும் இந்தப் பழுப்புத் தத்துப்பூச்சி, ஒரு வாரத்தில் வயலின் நடுவே வட்டமாகத் தீய்ந்த புள்ளிகளை உண்டாக்குகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு யாரோ தீ வைத்தாற்போல் தோன்றும். புல் குட்டை முதலிய வைரஸ்களையும் இது சுமக்க வல்லது என்றாலும் இங்கே நம்மை வாட்டுவது அதன் வாயே. இதற்குச் சத்ரு நம் வயலிலேயே இருக்கிறது: சிலந்தியும், புகையானின் முட்டைகளைக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும். வரம்பைக் கணக்கிடும் முறையே இதை ஒப்புக்கொள்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி கண்டாலே நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஆகவே ஒரு சிலந்திக்குக் கூலி கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அது ஒரு தெளிப்பை மிச்சப்படுத்தித் தன் சம்பளத்தைத் தானே சம்பாதித்துவிடுகிறது. இலைச்சுருட்டுக்கென்று இருபதாம் நாள் அடித்த மருந்து அந்தச் சிலந்தியைக் கொன்றபின், எழுபதாம் நாள் புகையான் பெருகுவதில் ஆச்சரியமில்லை. இந்தோனேசியாவில் இந்த வினைக்கு ராஜாங்கமே அஞ்சி, 1986-இல் ஜனாதிபதி ஆணையால் நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

புகையானுக்கு எதிரான தேர்வுகளில் ரகத்தை முதலாவதாகச் சொல்வார்கள். பட்டாம்பியிலிருந்து வந்த பி.டி.பி. 33 என்னும் பழைய நெல்லின் எதிர்ப்புச் சக்தி பல ஒட்டு ரகங்களுக்குத் தாயாயிற்று. ஆனால் சந்தையில் விலை போகும் பி.பி.டி. 5204 புகையானுக்கு எளிதில் இரையாகும். எதிர்ப்பும் நிரந்தரமன்று: பிலிப்பைன்ஸில் 1973-இல் வெளிவந்த ஐ.ஆர். 26-ஐப் புகையான் சில ஆண்டுகளுக்குள் வென்றுவிட்டது. எனவே சந்தைக்காகப் பலவீன ரகத்தைத் தேர்ந்தவர், எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டுக் காற்றோட்டம் கொடுக்கவும் யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து இடவும் தயங்கக் கூடாது. தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுங்கள் என்பது எல்லா நூல்களிலும் உள்ள யோசனை. மேல்மடையில் அது எளிது, மார்கழியில் ஆறும் வாய்க்காலும் கடலின் ஏற்றத்தால் பின்வாங்கித் தேங்கும் எங்கள் ஊர்களில் தண்ணீரை எங்கே வடிப்பது? அப்படிப்பட்ட தாழ்ந்த வயலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பட்டம், இரண்டாவது கண்காணிப்பு. மருந்து தேவைப்பட்டால், குஞ்சுப் பருவத்தைத் தோலுரிக்க விடாமல் தடுக்கும் புப்ரோபெசினோ, உறிஞ்சுவதையே நிறுத்தும் பைமெட்ரோசினோ நல்ல பூச்சிகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பதால், பல இடங்களில் புகையான் பழகிப்போன இமிடாகுளோபிரிட்டைவிட விரும்பத்தக்கவை. தெளிப்பு தூரின் அடியில் படவேண்டும். இப்போது வானிலிருந்து பறந்து தெளிக்கும் ட்ரோனின் மெல்லிய துளி அடர்ந்த பயிரின் அடிவரை போகுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இனித் தூதனின் கதை. துங்ரோ நோய் இரண்டு வைரஸ்கள் கூட்டாகச் செய்யும் வேலை: கோள வடிவ வைரஸ் வழி திறந்துவிட, அதன் துணையால் கோலுருவ வைரஸ் பச்சைத் தத்துப்பூச்சியின் வாயில் ஏறிக்கொள்கிறது. பயிர் குட்டையாகி, இலைகள் நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகும். துத்தநாகக் குறை, தழைச்சத்துக் குறை ஆகியவற்றோடு இது எளிதில் குழம்பும். சந்தேகம் வந்தால், நோய் கண்ட இலையில் மாவுச்சத்து தேங்குவதால் அயோடின் கரைசலில் அது கருநீலக் கீற்றுகளைக் காட்டும் என்ற எளிய பரீட்சை இருக்கிறது. தத்துப்பூச்சி நோயுற்ற பயிரில் சிறிது நேரம் உறிஞ்சினாலே வைரஸை ஏற்றுக்கொண்டு, சில நாட்களே அதைச் சுமந்து, பிறகு மறந்துவிடுகிறது. எனவே பரவுவதற்கு அருகிலேயே நோயுள்ள பயிரோ மறுதாம்போ இருந்தாக வேண்டும். அறுவடை முடிந்த குறுவைத் தாளில் தழைக்கும் மறுதாம்பை உழுது அழிப்பதும், சம்பாவை அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடுவதும் எந்தப் புட்டியைவிடவும் வலிமையான ஆயுதங்கள். குறுவையும் சம்பாவும் தாளடியும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் ஊரில் பூச்சிக்கு ஓய்வே இல்லை. இதில் எங்களுக்கு ஒரு பிரத்தியேகச் சங்கடம்: 1954-இல் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற எல்லைக்கோடு இன்னும் இருக்கிறது, வரப்புக்கு அப்பால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள், ஒரே கால நடவைத் தீர்மானிக்க இரண்டு அரசாங்கங்களின் விவசாயிகள் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும். தத்துப்பூச்சி இந்த எல்லையை மதித்ததாக யாரும் கண்டதில்லை.

மேலே நான் சொன்ன 40 நாள் விதிக்கு விலக்கு இங்கேதான். ஓர் ஏக்கர் நடவுக்கு வேண்டிய நாற்றங்கால் ஏறத்தாழ 8 சென்ட். துங்ரோ முந்திய பருவத்தில் கண்ட ஊரில், அந்த 8 சென்டைக் காப்பது நூறு சென்டைக் காப்பதைவிட மலிவு மட்டுமன்று, மருந்து படும் நிலமும் சிறிது என்பதால் நல்ல பூச்சிகளுக்கு நேரும் சேதமும் சிறிது. நட்ட பிறகு பொறுக்கக் கூடிய அளவும் சுருங்குகிறது: சாதாரணமாகக் குத்துக்கு 5 தத்துப்பூச்சி என்பது, நோய் வழக்கமான இடத்தில் குத்துக்கு 2 ஆகிவிடுகிறது. ஒரே மருந்து, ஒரே இருபதாம் நாள். இலைச்சுருட்டுக்கு அது தவறு, தூதனுக்கு அது சரி.

சம்பா அறுவடைக்கு ஏழு பத்து நாட்களுக்கு முன்பே நிற்கும் நெல்லுக்குள் தூவி, எஞ்சிய ஈரத்தில் வளர்க்கும் தை மாத உளுந்தில் இந்த முன்யோசனை இன்னும் அவசியமாகிறது. மஞ்சள் தேமல் நோயைச் சுமக்கும் வெள்ளை ஈ, பச்சைத் தத்துப்பூச்சியைப் போல மறதிக்காரன் அன்று. ஒருமுறை வைரஸ் உடம்பில் ஏறினால் நெடுநாள் அதை வைத்துப் பரப்புகிறது. அது இலையின் அடியில் இருக்கிறது, களைச்செடியில் வாழ்கிறது, மருந்துக்குப் பழகுகிறது. இந்த நிலையில் தெளிப்பை நம்புவது மதகு உடைந்தபின் மண்வெட்டி தேடுவது போலாகும். தேர்வு விதையில்தான். தரிசு உளுந்துக்கென்றே பழகிய ஆடுதுறை 3 ஈரத்தைப் பிடித்து வளர்வதில் சமர்த்து, தேமலுக்கு எளிதில் ஆட்படும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8 போன்ற ரகங்கள் நோயை எதிர்க்க வல்லவை, ஆனால் உழாத தரிசில், களிமண் வெடிக்கத் தொடங்கும் மாசியில், உங்கள் நிலத்தில் அவை எப்படி நிற்கும் என்பதை ஒரு மா அளவில் சோதித்தே அறிய வேண்டும். எந்த ரகமானாலும் விதையை நேர்த்தி செய்து தூவுவதும், முதலில் மஞ்சளாகும் செடிகளை ஈ பறக்காத குளிர்ந்த காலையில் பிடுங்கிப் புதைப்பதும், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வைத்து ஈயின் வரவை அறிவதும் துணை நிற்கும். இலை நெளிவு நோய் முக்கியமாக விதை வழியாக வருவது. நெளிந்த செடியின் காயை விதைப்பானையில் சேர்க்காமல் விடுவது செலவில்லாத பாதுகாப்பு. தரிசுப் பருத்தியைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை: தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் இதே நியாயமே பொருந்தும், இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, பஞ்செடுத்த பிறகு பழைய தாளை நீடித்து நிற்க விடாமையே பெரிய மருந்து.

எதை வாங்க நேர்ந்தாலும் புட்டியின் மேல் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடுத்ததற்கு முன்பு, அதை எத்தனை கைகள் வெறுங்கையாகக் கலக்கியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது. ஒட்டுண்ணி அட்டையோ வம்பன் விதையோ வேண்டுபவர், 1987 முதல் இங்கே இயங்கும் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே விசாரித்து வைத்தல் நன்று. அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கிய பின் விசாரிப்பவருக்கு அடுத்த பருவத்துக்கே பதில் கிடைக்கும்.

நெடுங்காட்டு மாமா இந்தத் தையில் ஒரு மா நிலத்தில் மட்டும் வம்பன் விதையைத் தூவியிருக்கிறார். மற்றதெல்லாம் அவருக்குப் பழகிய ஆடுதுறை 3 தான். இரண்டிலும் மஞ்சள் செடிகளை வாரம் ஒருமுறை எண்ணி ஏட்டில் எழுத, பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரனைக் கணக்குப்பிள்ளையாக வைத்திருப்பதாகச் சொன்னார்.