முற்பகல் விருந்து வேண்டுமா?

மன்ற நண்பர்களே,

இவ்வாண்டுச் சுற்றுலாவைப் பற்றிப் பேசக் கூடியிருந்த மாலையில் ஒரு வழக்கு எழுந்தது நினைவிருக்கும். கோப்போலியில் உள்ள இமேஜிகா கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்வதென்று பெரும்பாலோர் ஒப்பினர். பூங்காவை அடுத்த பெரிய விடுதியில் ஓரிரவு தங்கலாம். அங்கே ‘பிரஞ்ச்’ கிடைத்தால் மறுநாள் அதையும் உண்டு வரலாம் என்றார் ஒரு நண்பர். பகலெல்லாம் ரோலர் கோஸ்டரில் சுழலப் போகிறவனுக்கு விருந்து எதற்கு என்றார் இன்னொருவர். பொருளாளர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் கவலை வேறு. வழக்கு முடியாமலே கலைந்தோம்.

முடியாத அந்த வழக்கை ஆற அமர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேளிக்கைப் பூங்காவை அடுத்த உயர்தர விடுதிகளின் உணவகங்கள் பிரஞ்ச் என்னும் உணவை வழங்கலாமா? வழங்கினால் அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தொல்லை?

1. சொல்லும் பொருளும்

பெயரைக் கேட்டுப் பிரெஞ்சு நாட்டு உணவு என்று எண்ணிவிட வேண்டா. காலை உணவையும் பகல் உணவையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துச் செய்த சொல் இது. 1895-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்னும் எழுத்தாளர் ஓர் இதழில் இவ்வுணவிற்காக வாதாடி ஒரு கட்டுரை வரைந்தார். சனிக்கிழமை இரவில் நெடுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு விடியலில் எழுந்து உண்ண வேண்டியதில்லை. நண்பகலை ஒட்டி ஒரே உணவாக உண்ணட்டும் என்பது அவர் கருத்து. பின்னர் அமெரிக்க நாட்டு ஓட்டல்களில் அது வேரூன்றியது. இன்று மும்பையின் பெரிய ஓட்டல்களிலும் ஞாயிறுதோறும் நடைபெறுகிறது. நாம் அதனை முற்பகல் விருந்து என்போம்.

இச்சொல்லின் பிறப்பிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. இரண்டு உணவை நீக்கி அவ்விடத்தில் ஒன்றை வைப்பதே முற்பகல் விருந்து. காலையிலும் உண்டு, பகலிலும் உண்டு, இடையில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பது விருந்தன்று, வீண். இந்த அளவுகோலை மறவாமல் மேலே செல்வோம்.

2. நமக்குப் புதியதா?

பெயர் புதிது, வழக்கம் பழையது. காலை ஒன்பது பத்து மணிக்கு முழுச் சாப்பாடு, பிற்பகல் மூன்று மணிக்குச் சிற்றுண்டி, இரவில் மீண்டும் சோறு என்பதே தமிழ்நாட்டில் அலுவலகம் சென்ற பல குடும்பங்களின் முறையாக இருந்தது. அவர்களில் பலர் இந்நகருக்குக் குடியேறியபோது அம்முறையையும் உடன் கொணர்ந்தனர். மாட்டுங்காவில் 1942-இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி உணவுச்சாலையை நம்மில் அறியாதவர் யார்? அங்கே நண்பகலுக்குக் காத்திராமல் இலை போடுகிறார்கள். வேண்டியவர்க்கு அளவுச் சாப்பாடு, பசித்தவர்க்கு வாழையிலையில் முழுச் சாப்பாடு.

என் வீட்டிலும் இது உண்டு. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து இட்லி விற்கிறார். பின்னிரவு இரண்டரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். விடிந்ததும் ஏனத்தை மிதிவண்டியில் ஏற்றி, ஊதியை அழுத்திக்கொண்டே தெருத்தெருவாகப் போவார். ஊரார்க்கெல்லாம் காலை உணவு கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பி உண்ண உட்காரும்போது மணி பதினொன்று. காலை உணவும் அதுவே, பகல் உணவும் அதுவே. அவருக்கு அது விருந்தன்று, வேலையின் விளைவு.

ஆகவே ‘மேனாட்டு நாகரிகம்’ என்று ஒரேயடியாக இதனைத் தள்ளிவிடுவதும் சரியன்று. ‘உயர்ந்தோர் வழக்கம்’ என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுவதும் சரியன்று. பயனைப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

3. விருந்தினரின் பொழுது

மும்பை நகரத்தார்க்குக் கேளிக்கைப் பூங்கா புதிதன்று. கோராயில் எசெல் வேர்ல்ட் 1989-இலேயே திறந்தது. ஆயினும் அது போய்வரும் இடமாகவே இருந்தது. இமேஜிகா 2013-இல் திறந்தது. 2015-இல் அதனை அடுத்து நோவோடெல் விடுதியும் எழுந்தது. தங்கி ஆடும் முறை நமக்கு அருகே வந்தது அப்போதுதான்.

தங்குகிறவர் எதற்காகத் தங்குகிறார்? வாயில் திறந்ததும் முதல் ஆளாய் உள்ளே போவதற்காக. பூங்கா திறந்த முதல் ஒன்றிரண்டு மணியில்தான் வரிசை குறுகியிருக்கும். நகரத்திலிருந்து வரும் பேருந்துகள் சேர்ந்த பின்னர், இரண்டு நிமிட ஆட்டத்திற்காக நெடுநேரம் நிற்க வேண்டும். பூங்கா எட்டு மணி நேரம் திறந்திருப்பதாகக் கொள்வோம். பதினொரு மணிக்கு விருந்தில் உட்கார்ந்து ஒரு மணிக்கு எழுந்தால் இரண்டு மணி போயிற்று. நுழைவுச் சீட்டிற்குக் கொடுத்த பணத்தில் கால் பங்கு போயிற்று. அதுவும் வரிசை வளர்ந்துவிட்ட பிறகு மீதியைத் தேடிப் போகிறோம்.

ஆனால் விடுதியில் இருப்போர் எல்லாரும் ஆடப் போகிறவர்கள் அல்லர். பேரப்பிள்ளைகளோடு வந்த தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். முதல் நாளே ஆடி முடித்து, அறையைக் காலி செய்து ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மும்பை-புனே விரைவுச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அவசரம் இல்லை. கூடி உட்கார ஓர் இடம் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1971-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஒரு விடுதியின் உச்சி மாடியில் கலிபோர்னியா கிரில் என்னும் உணவகம் இருக்கிறது. 2015-இல் அங்கே முற்பகல் விருந்து தொடங்கியபோது அதனை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே வைத்தார்கள். நாள்தோறும் வைக்காதது கருதத்தக்கது.

4. வயிற்றின் பொழுது

நீர்ப்பொருள் வயிற்றை விரைவில் கடக்கும். திண்மையான கலப்புணவு பெரும்பாலும் சிறுகுடலுக்குச் சென்று சேர நான்கு மணி நேரம்வரை ஆகும். நெய்யும் எண்ணெயும் மிகுந்தால் இன்னும் தாமதம். பதினொரு மணிக்கு வயிறு நிறைய உண்டவன் பன்னிரண்டரைக்கு நைட்ரோ என்னும் ரோலர் கோஸ்டரில் ஏறினால் நேர்வதைச் சொல்ல வேண்டியதில்லை. உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்கள் உடலின் சுழற்சியை மூளைக்கு அறிவிக்கின்றன. கண்கள் தாம் காண்பதை அறிவிக்கின்றன. இரண்டு செய்தியும் முரண்படும்போது குமட்டல் எழுகிறது. நிரம்பிய வயிறு அதனை மிகுவிக்கும். வெறும் வயிறும் நல்லதன்று. ஆட்டத்திற்கு ஏற்றது எளிய உணவே.

மற்றொன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு உண்டவர் மறுநாள் பதினொரு மணி வரை காத்திருந்தால் பதினான்கு மணி நேரப் பட்டினி. இளைஞர் தாங்குவர், குழந்தைகள் தாங்கா. நீரிழிவிற்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் முதியவர்க்கு அது தீங்கே விளைக்கலாம். ஆகவே விருந்து வைக்கும் நாளிலும் விடியலில் இரண்டு இட்லியோ ஒரு குவளைப் பாலோ கிடைக்க வேண்டும்.

5. அடுக்களையின் பொழுது

உண்பவர் பக்கம் பார்த்தோம். சமைப்பவர் பக்கமும் பார்ப்போம்.

சமைத்த உணவை 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ச்சியாகவோ 60 பாகைக்கு மேலே சூடாகவோ வைக்க வேண்டும் என்பது பொது விதி. இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்கள் செழிக்கும். ஏற்ற சூழலில் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். விருந்து பதினொன்று முதல் மூன்று வரை என்று கொள்க. நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்தால் ஒன்று 4,096 ஆகும். சோற்றிலே பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். சோறு ஆறிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. தேங்காய்ச் சட்னி எவ்வளவு விரைவில் கெடும் என்பதை இட்லி வியாபாரியின் மகனுக்கு ஆய்வுக்கூடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீண்ட மேசையில் நூறு வகைகளை அடுக்கி வைக்கும் முறையில் இன்னொரு குறை உண்டு. கடைசியில் வருபவர்க்கும் தட்டுகள் நிறைந்தே தோன்ற வேண்டும். ஆகவே இரண்டே முக்காலுக்கும் நிரப்புகிறார்கள். மூன்று மணிக்குக் கொட்டுகிறார்கள். 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 29 கோடி டன் உணவகம் போன்ற இடங்களில் வீணாயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

என் சித்தப்பா மகன் ஒரு பெரிய ஓட்டலின் அடுக்களையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஐந்து மணிக்கெல்லாம் உள்ளே போக வேண்டும். ஒருநாள் சொன்னார்: “தம்பி, காலைப் பலகாரமும் நாங்கதான் போடணும், அந்தப் பெரிய மேசையும் நாங்கதான் நிரப்பணும். நாங்க சாப்பிட உட்காரும்போது மணி நாலாயிரும்லே.” அவர் குறை விருந்தைப் பற்றியதன்று. காலை உணவைக் குறைக்காமல், ஆளையும் கூட்டாமல், விருந்தை மேலே ஏற்றிவிட்டார்கள் என்பதே.

முதலில் கண்ட அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். இரண்டு உணவை நீக்கி ஒன்றை வைத்தால் அடுக்களைக்கு ஓய்வு உண்டு. நீக்காமல் சேர்த்தால் சமைப்பவன் இளைப்பான். உண்பவனும் இருமுறை பணம் கொடுப்பான். பல விடுதிகளில் அறை வாடகையிலேயே காலை உணவின் விலை சேர்ந்திருக்கிறது. அதற்கும் கொடுத்துவிட்டு, விருந்திற்கும் தனியே கொடுத்தால் வரவு விடுதிக்கு; செலவு நமக்கு.

6. முடிவு

இதுவரை கண்டவற்றால் என் முடிவு இது. பூங்கா விடுதிகள் முற்பகல் விருந்து வழங்கலாம். ஆனால் நான்கு வரையறைகளுக்கு உட்பட்டு.

ஒன்று: ஞாயிறும் விடுமுறை நாளும் மட்டும் போதும். அன்றும் ஆடப் போகிறவர்க்கு விடியலில் எளிய உணவு தனியே கிடைக்க வேண்டும்.

இரண்டு: விருந்து உண்பவரிடம் காலை உணவின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியையே வாங்க வேண்டும்.

மூன்று: நூறு வகை வேண்டா. பதினைந்து வகை போதும். கேட்ட பின் சமைத்து, சூடாகப் பரிமாற வேண்டும். மாட்டுங்காவில் வாளியும் கரண்டியுமாய் நடந்து வந்து இலையில் கேட்ட அளவு இடுகிறார்களே, அதைவிடச் சிக்கனமான முறை ஏது?

நான்கு: விருந்து நாளில் அடுக்களையில் ஆள் கூட்ட வேண்டும். சமைப்பவரும் பசி வேளையில் உண்ண வேண்டும்.

இவற்றை ஏற்காத விடுதி விருந்து வைக்காமல் இருப்பதே மேல்.

இனி நம் சுற்றுலாவிற்கு வருவோம். நாம் ஆடப் போகிறவர்கள். எனவே விருந்து நமக்கு அன்று வேண்டா, தங்கலும் வேண்டா. விடியற்காலையில் தாதரில் கோப்போலி வண்டி ஏறுவோம். செம்பூர் நண்பர்கள் குர்லாவில் மாறி வந்து சேரலாம். தலைக்கு ஆறு இட்லி வீதம் தருவதாகத் தந்தையார் ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்னி கிடையாது, நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியுமே. காரணம் ஐந்தாம் பகுதியில் சொல்லிவிட்டேன். பொருளாளர் இப்போதாவது வாய் திறப்பார் என்று நம்புகிறேன்.

முற்பகல் விருந்திற்கும் ஒரு நாள் வரும். படிப்பு முடிந்து என் முதற் சம்பளம் கைக்கு வந்த பின், மேற்சொன்ன நான்கையும் காக்கும் உணவகம் எங்கேனும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாருங்கள் என்று தந்தையாரை அழைத்துப் போவேன். பதினொரு மணிக்குப் பிறர் பரிமாற அவர் உட்கார்ந்து உண்ண வேண்டும். அங்கே இட்லி இருந்தால் அது எப்படி என்று அவரே சொல்லட்டும்.

மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் அடுத்த இதழில் எழுதுக.