திரையைப் பிந்தி வாங்குவோம், பதிவை முந்திச் செய்வோம்

பெருநாள் நெருங்கும்போதும், கட்டாரிலோ சவூதியிலோ இருப்பவர் லீவில் வரப்போகிறார் என்னும்போதும் அம்பாறைக் கரையில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது: இருக்கிற டீவியையே வைத்துக்கொள்வதா, 4கே டீவி ஒன்றை எடுப்பதா, எடுப்பதுதான் எடுக்கிறோம் என்று ஓஎல்இடி, 8கே வரைக்கும் போய்விடுவதா? கடைக்காரர் புதியதைக் காட்டுவார். வீட்டுப் பெரியவர்கள், பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்பார்கள். இரண்டு பதிலும் கேள்வியின் பாதியைத்தான் தொடுகின்றன. உயர்தெளிவு வீடியோ ஒரு வீட்டுக்கு இரண்டு வேலை செய்கிறது: பிறர் எடுத்ததைப் பார்க்கத் தருகிறது, நம்முடையதைப் பதிந்து வைக்கிறது. பார்க்கும் கருவியில் ஒரு தலைமுறை பிந்தி நிற்பதும், பதிவதில் கைக்கெட்டிய வரை முந்தி நிற்பதுமே இந்தக் கரையில் வாழும் குடும்பங்களுக்குப் பொருத்தமான வழி என்பது என் முடிவு. பழைய திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மங்கலாக எடுத்த நிக்காஹ் வீடியோவை எவ்வளவு பணம் கொடுத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

முதலில் பார்க்கும் கருவி. இங்கே வீடியோ வந்த வழியே பெரும்பாலும் வளைகுடா வழிதான். ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அதே காலத்தில் வெளிநாட்டு உழைப்பில் வாங்கிய டீவியும் வீடியோ டெக்கும் கிழக்கின் வீடுகளுக்கு வரத் தொடங்கின. அப்போதே உலகம் பால், சீகாம், என்டிஎஸ்சி என்று மூன்று முறைகளாகப் பிரிந்து கிடந்தது. இலங்கையின் பால் முறைக்கு ஒத்துவராத பெட்டியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருளும். அதனால்தான் ‘மல்டி சிஸ்டம்’ என்ற சொல் கடைத்தெருவரை வந்தது. சோனி 1975இல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது, ஜேவிசி 1976இல் விஎச்எஸ்ஸைக் கொண்டுவந்தது. முன்னதன் படம் சற்றுத் தெளிவு என்று பேர் வாங்கியது. ஆனால் வாடகைக்குக் கிடைத்த கசெட்டுகள் பின்னதில்தான் குவிந்தன. 2006இல் இதே கதை எச்டி டிவிடிக்கும் புளூரேக்கும் நடந்தது. 2008 பெப்ரவரி 19இல் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டபோது அதை வாங்கியவர்களிடம் இரண்டு வயதுகூட நிரம்பாத, இனிப் புதிய படங்கள் வராத கருவிகள் எஞ்சின. 2010இல் எல்லா நிறுவனங்களும் தூக்கிப்பிடித்த முப்பரிமாண டீவியை, கடைசியாக வைத்திருந்த எல்ஜியும் சோனியும் 2017இல் நிறுத்தின.

இவற்றில் நமக்கு மிகவும் பாடம் தருவது 4கேயின் தொடக்க காலம். 2012இல் சோனியின் 84 அங்குல 4கே டீவி அமெரிக்காவில் 25,000 டொலருக்கு விற்றது. 4கே படத்தை வினாடிக்கு 60 பிரேம் அனுப்பக்கூடிய எச்டிஎம்ஐ 2.0 வந்ததோ 2013இல். இருளையும் ஒளியையும் விரித்துக் காட்டும் எச்டிஆர் 10 வரையறை வெளியானது 2015இல். 4கே புளூரே தட்டுகள் கடைக்கு வந்தது 2016இல். அதாவது முதலில் வாங்கியவர் திரையைத்தான் வாங்கினார். அந்தத் திரைக்குள் எது, எந்த வழியாக வரவேண்டும் என்பது தீர்மானமாக மூன்று நான்கு வருடங்கள் எடுத்தன. தீர்மானமானபோது அவருடைய பெட்டி அதற்கு முழுமையாக ஒத்துவரவில்லை. பீட்டாமேக்ஸிலிருந்து இதுவரை முந்தி வாங்கியவர்கள் ஏமாந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கருவி நன்றாகவே இருந்தது. அதற்கு ஊட்டம் கொடுக்கும் வழிதான் உறுதியாகவில்லை.

அந்த ஊட்டம் நம் ஊரில் எப்படி இருக்கிறது? ஆன்டனாவில் வரும் அனலொக் படம் 576 கோடுகள் கொண்டது. 4கே திரையின் உயரத்தில் 2160 வரிசைகள் இருக்கின்றன. மிகுதியை டீவிதான் தானே ஊகித்து நிரப்ப வேண்டும். விலை குறைந்த 4கே பெட்டிகள் இதை மோசமாகச் செய்வதால், நேத்ராவோ வசந்தமோ பழைய டீவியில் தெரிந்ததைவிடக் கெட்டுத் தெரிவது உண்டு. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை எடுப்பதென்று இலங்கை 2014இல் தீர்மானித்தது. பத்து வருடங்களுக்கு மேலாகியும் அனலொக் நிறுத்தப்படவில்லை. வளைகுடா நாடுகள் ஐரோப்பிய டிவிபி முறையைப் பின்பற்றுபவை. அங்கு விற்கும் டீவிக்குள் இருக்கும் டிஜிட்டல் டியூனரும் அந்த முறைக்கானது. ஆகவே லகேஜில் வரும் புத்தம் புதிய பெட்டியின் டியூனர், நாளை இங்கே டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தாலும் அதைப் பிடிக்காது, தனிப் பெட்டி ஒன்று பூட்டத்தான் வேண்டும். மல்டி சிஸ்டம் பிரச்சினை நாற்பது வருடம் கழித்து வேறு பெயரில் திரும்பியிருக்கிறது. டயலொக், பியோ டீவி போன்ற சேவைகளின் எச்டி சனல்கள் உச்சத்தில் 1080 வரிசைகள்தான். உண்மையான 4கே பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத்தான் வருகிறது: நெட்பிளிக்ஸ் கணக்குப்படி 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும், மணிக்கு 7 ஜிபி வரை கரையும். பைபர் வந்த வீதியில் அது முடியும். சிம் போட்ட ரவுட்டரில் இரவு எட்டு மணிக்கு அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி ஒவ்வொரு தெரிவாகப் பார்ப்போம். சாதாரண கண்பார்வையை வைத்துக் கணக்கிட்டால், 43 அங்குலத் திரையில் 1080க்கும் 4கேக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தரை அடிக்கு அப்பால் மறைந்துவிடும். 55 அங்குலத்தில் அது ஏழு அடி. உங்கள் ஹோலில் இருக்கையிலிருந்து சுவர் வரை அளந்து பாருங்கள். பத்து அடி இருக்கிறதென்றால், நன்றாக ஓடுகிற 1080 டீவி உள்ள வீட்டில் புதிதாக வாங்க வேண்டியது ஒரு நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டி மட்டும்தான். பழைய டீவி பழுதாகிவிட்டதா, அல்லது 32 அங்குலம் குடும்பத்துக்குப் போதவில்லையா? அப்போது எடுக்க வேண்டியது 50 அல்லது 55 அங்குல 4கே எல்இடி, அதிலும் போன வருட மொடல். அதன் ஊட்ட வழிகள் எல்லாம் தீர்மானமாகிவிட்டன, அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் ஊரில் உருவாகிவிட்டார்கள். கிரிக்கெட்டுக்காக வாங்குபவர்கள் 4கே என்ற எழுத்தைவிட அசைவு தெளிவாகத் தெரிகிறதா என்பதைக் கடையிலேயே ஓர் ஓவரைப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். பந்து வால் முளைத்ததுபோல் ஓடினால் எத்தனை வரிசைகள் இருந்தும் பயனில்லை. ஓஎல்இடியின் கறுப்பு ஈடற்றது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே சனல் காலை முதல் இரவு வரை ஓடும் கூட்டுக் குடும்ப வீட்டில் மூலையில் நிற்கும் சனல் சின்னம் அந்தத் திரையில் நிரந்தரத் தழும்பாகப் பதியக்கூடும். இரவில் தனியாகப் படம் பார்ப்பவருக்கு அது சரி, அத்தகைய வீட்டுக்குச் சரியல்ல. 8கேயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 65 அங்குலத்தில்கூட நாலு அடிக்குள் உட்கார்ந்தால்தான் 4கேயிலிருந்து வேறுபாடு தெரியும். ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பரில் 8கே சனலைத் தொடங்கியது. இன்றுவரை நம் வீடுகளுக்கு 8கேயில் வருவதற்கு ஏறத்தாழ எதுவும் இல்லை.

கடலோரம் என்பதும் கணக்கில் வர வேண்டும். உப்புக் காற்று செப்புப் பாதைகளை அரிக்கும். கடற்கரை வீதிகளில் எந்த மின்சாதனமும் உள்நாட்டில் வாழும் ஆயுளை வாழ்வதில்லை. ஒக்டோபர் இடிமின்னலும் கரண்ட் ஏறி இறங்குவதும் சேர்ந்தால், விலை கூடிய பெட்டி என்பது விலை கூடிய இழப்பு. டீவியோடு நல்லதொரு மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவியை வாங்குங்கள், பெட்டியைக் கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். பனல் பழுதானால் கல்முனையில் செய்து தருவீர்களா, கொழும்புக்கு அனுப்புவீர்களா, வாகனக் கூலி யாருடையது என்பதை எழுத்தில் கேளுங்கள். லகேஜில் வந்த டீவிக்கு இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு குறைந்தாலும் அலகுப் படிகள் அப்படியே இருக்கின்றன. 100 வோட் டீவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 15 அலகு. 60 அல்லது 90 அலகு எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்தப் 15 போதும் அடுத்த படிக்கு ஏற.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு வரும். பிந்தச் சொல்கிறீர்களே, 2021இல் பிந்தியவர்கள் என்ன ஆனார்கள்? டொலர் 200 ரூபாயிலிருந்து 2022இல் 360ஐத் தொட்டது. 2020 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பொறுத்தவர்தானே தோற்றார்? உண்மைதான், அதனால்தான் வெறுமனே பொறுத்திருங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. தேவை வந்துவிட்டால் வாங்குங்கள், விலை இறங்கும் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆனால் ரூபாய் விழும் என்ற பயம் 8கே வாங்குவதற்கான நியாயம் ஆகாது. பணமதிப்பு இறங்கும்போது மிகக் கூடுதலாக விலை ஏறுவதும், உதிரிப்பாகம் முதலில் இல்லாமல் போவதும் மிகப் புதிய சரக்கில்தான். எல்லோரும் இப்படிப் பிந்தினால் தொழில்நுட்பம் எப்படி மலிவாகும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் செலவை சியோலிலும் டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் வசதியானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பாலைவன வெயிலில் உழைத்த சல்லியை அதில் சேர்க்கும் கடமை சாய்ந்தமருதுக் குடும்பம் ஒன்றுக்கு இல்லை.

பதிவதில் நியாயம் தலைகீழாகிறது. சுமித்ரா பீரிஸ் இயக்கிய ‘கெஹெனு லமை’ 1978இல் வந்த படம். அதை 4கேயில் மீட்டெடுத்து 2025இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். 47 வருடம் பழைய படம் இன்றைய திரையை நிரப்ப முடிந்ததற்குக் காரணம், அது படச்சுருளில் எடுக்கப்பட்டது. அன்றைய திரை காட்டியதைவிட அதிகமான தெளிவு அந்தச் சுருளுக்குள் இருந்தது. அதற்குப் பத்து வருடம் பிந்தி நம் ஊரில் விஎச்எஸ் கெமராவில் எடுத்த கல்யாண வீடியோவை எந்த ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாலும் அகலவாக்கில் சுமார் 240 கோடுகளுக்கு மேல் தெளிவு கிடைக்காது. உம்மம்மாவின் முகம் அதில் இருக்கிறது, ஆனால் கண் எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பதியும் நேரத்தில் விடுபட்டது விடுபட்டதுதான். ஆகவே இன்றைக்கு வீட்டில் 1080 திரை மட்டும் இருந்தாலும் நிக்காஹ்வையும் வலீமாவையும் பிள்ளை ஓதி முடித்த நாளையும் 4கேயில் எடுங்கள். எங்களிடம் 4கே டீவியே இல்லையே என்பது இதற்குத் தடையல்ல. அந்தப் பிள்ளையின் பிள்ளைகளிடம் இருக்கும்.

அப்படியானால் 8கேயில் எடுக்கலாமே என்று கேட்கலாம். 2020 முதல் சில போன்களில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் மண்டப வெளிச்சத்தில் போனின் சிறிய லென்ஸ் 8கேக்குரிய விபரத்தைப் பிடிப்பதில்லை, கோப்பு மட்டும் பெருக்கிறது. 8கேக்குச் செலவிடும் பணத்தில் வீடியோக்காரரிடம் கூடுதலாக இரண்டு விளக்கும் தனியொரு மைக்கும் கேளுங்கள். ஹஸ்ரத்தின் குத்பா எதிரொலியில்லாமல் பதிவாகும். ஒப்பந்தம் பேசும்போதே வெட்டி ஒட்டிய வீடியோவுடன் மூலக் கோப்புகளும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டிவிடியில் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், டிவிடி 576 வரிசைகளுக்குச் சுருக்கிவிடும். வட்ஸ்அப்பில் வந்தது சாதாரணமாக இன்னும் சுருங்கியிருக்கும். ஐபோனில் 4கே ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, மணிக்குப் பத்து ஜிபி. ஒரு கல்யாணம் முழுவதும் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் சிறு மூலைக்குள் அடங்கும். பெண்களின் பக்கம் எடுக்கவே கூடாது என்று தீர்மானிக்கும் குடும்பங்கள் உண்டு, பெண் கெமராக்காரரை மட்டும் அழைப்பவர்களும் உண்டு. அது அந்தந்த வீட்டின் முடிவு, மதிக்க வேண்டியது. படம் தெளிவாகத் தெளிவாக அது யார் கைக்குப் போகிறது என்ற கவலையும் கூடத்தான் வேண்டும்; வீடியோக்காரரின் கணினியில் பிரதி எவ்வளவு காலம் இருக்கும், எப்போது அழிப்பார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

சேமிப்பில் ஒரே ஒரு பிரதியை நம்ப வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது இந்த அம்பாறைக் கரைதான். வீடுகளோடு அல்பங்களும் கசெட்டுகளும் போயின. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்றைக் கடலிலிருந்து தள்ளி சம்மாந்துறையிலோ வேறெங்கோ இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை இரண்டையும் திறந்து பாருங்கள். தப்பிய விஎச்எஸ் கசெட்டுகள் அலுமாரியில் இருந்தால் அவைதான் முதல் வேலை. டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் புனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது, ஓடுகிற டெக்குகள் வருடாவருடம் குறைகின்றன, நாடாவில் பூஞ்சணம் ஒவ்வொரு மாரிக்கும் இன்னும் கொஞ்சம் பரவுகிறது. புது டீவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அடுத்த மாரி தொடங்குமுன் அவற்றை டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் கசெட்டை எறியாதீர்கள்.