பிரேக் தட்டின் தேய்மானத்தை அளந்தறிதல்

கொல்லிமலையிலிருந்து மிளகும் பலாவும் ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கும் வண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அங்கே வண்டியை அடக்கி நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் உட்புறம் சுழலும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கே உரியது. மெக்கானிக்குகள் இவற்றை டிஸ்க் என்பர். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், பின்சக்கரத்து டிரம்களைவிட இவையே மிகுதியாக உழைக்கின்றன.

ஏர்க்கொழு தேய்ந்தால் உழவர் கண்ணால் கண்டுகொள்வார். டிஸ்க் அவ்வாறன்று. பேடு உராயாத ஓரம் மட்டும் தேயாமல் வரம்புபோல் நிற்கும். அதைப் பார்ப்பவர் தட்டு முழுவதும் கனமாக இருப்பதாக மயங்குவர்.

அண்மையில் மலைப்பாதையில் ஓடும் வண்டி ஒன்றைப் பார்வையிட்டபோது நாமும் அவ்வாறே மயங்கினோம். வெர்னியர் காலிப்பரை ஓரத்தின்மேல் வைத்து 22 மி.மீ. எனக் குறித்தோம். உடனிருந்த மெக்கானிக் மைக்ரோமீட்டரை வரம்புக்கு உட்புறம் வைத்து அளந்தார், 19.6 மி.மீ. தான் இருந்தது. தட்டில் பொறித்திருந்த குறைந்தபட்ச கனமோ 20 மி.மீ. மறுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவிருந்த அவ்வண்டி கொட்டகையிலேயே நின்றது.

பிரேக் பிடிக்கையில் வண்டியின் வேகம் வெப்பமாக மாறித் தட்டில் ஏறுகிறது. மெலிந்த தட்டு விரைவில் மிகச் சூடாகும். அச்சூட்டினால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், பெடல் அடிவரை அமிழ்ந்தும் வண்டி நிற்காது. ஆகவே பின்வரும் முறையைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுக்கவும். ஜாக்கியால் தூக்கியபின் இரும்புத் தாங்கியின்மேல் அமர்த்திச் சக்கரத்தைக் கழற்றவும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. தட்டு ஆறிய பின்னரே தொடவும். பிரேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

2. தட்டின் இருபுறமும் பார்க்கவும். ஆழ்ந்த கோடுகளும் நீலம் பாய்ந்த இடங்களும் கேட்டின் அறிகுறிகள். ஓரம்வரை விரிசல் ஓடியிருப்பின் அளக்கவே வேண்டுவதில்லை. தட்டை மாற்ற வேண்டும்.

3. ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, சம இடைவெளியில் 8 இடங்களில் மைக்ரோமீட்டரால் அளக்கவும். இவற்றுள் மிகச் சிறிய அளவையே கணக்கில் கொள்க, சராசரி பார்க்கலாகாது. அது பொறித்த அளவுக்குக் கீழிருப்பின் தட்டு பயன்படாது. கடைசல் பிடித்தாலும் போன கனம் மீளாது.

4. பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறிக்கவும். மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு வித்தியாசமே பெடலைத் துடிக்கச் செய்யும். வண்டியின் கையேட்டில் உரிய வரம்பைக் காணலாம்.

5. தட்டை மாற்றுங்கால் முன்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்தே மாற்றிப் புதிய பேடுகளும் பொருத்தவும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வண்டிப் பதிவேட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், இரு தட்டுகளின் அளவு ஆகியவற்றை எழுதிவரச் செய்யலாம். தேய்மானம் எவ்வளவு விரைவாக நடக்கிறதென்பதை அப்பதிவே காட்டும். தட்டு வாங்கும் செலவுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். பல பஞ்சாயத்துகள் கூடி ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிக்கொள்ளுதலும் தகும். அளந்த பின்னரே வண்டியை மலையிறக்குவோமாக.