போனும் ஒரு கடைவாசல்தான்: கடற்கரைச் சாலை வியாபாரிகளுக்குச் சில குறிப்புகள்

செங்கல்பட்டு பஜாரில் கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்த முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடற்கரைச் சாலையில் கடை போட்டவருக்கு அப்படியில்லை. அங்கே வருபவர் பெரும்பாலும் ஒருநாள் விருந்தாளி. 2021-22இல் மத்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களிலேயே அதிக வெளிநாட்டவர் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான். தாஜ்மகாலுக்கு வந்ததைவிட அதிகம், சுமார் 1.45 லட்சம் பேர். இந்தக் கூட்டத்துக்கு உங்கள் பெயரும் தெரியாது, உங்கள் அப்பா பெயரும் தெரியாது. காரில் வரும்போதே போனைப் பார்த்து, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்துவிடுவார்கள். அவர்கள் கேட்கப் போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் போட்டு வைப்பதுதான் நம் வேலை.

1. இன்ஸ்டாவுக்கு முன்னால் கூகுள் மேப். கடையை அதில் பதிவு செய்யக் காசு கிடையாது. கடைவாசலில் நின்றுகொண்டே இடத்தைக் குறியுங்கள். வீட்டில் உட்கார்ந்து குறித்தால் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவில் போய் நிற்பார். திறக்கும் நேரம், மூடும் நேரம், வார விடுமுறை மூன்றும் சரியாக இருக்கட்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலை என்பதால், ‘சென்னையிலிருந்து வரும்போது இடது கைப்பக்கம்’ என்று ஒரு வரி சேருங்கள். தாண்டிப் போனவர் யூ-டர்ன் தேடித் திரும்பி வருவார் என்று நம்ப வேண்டாம்.

2. ஊர்ப்பெயரை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். நாம் மாமல்லபுரம் என்போம்; வடக்கிலிருந்து வருபவர் மகாபலிபுரம் என்றுதான் தேடுவார். கோவளத்தில் ஹோம்ஸ்டேயோ சர்ஃபிங் பள்ளியோ நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி உண்டு. கேரளத்திலும் ஒரு கோவளம், அதுவும் ஊரறிந்த கோவளம். ‘கோவளம், சென்னை ஈசிஆர்’ என்று ஒவ்வொரு பதிவிலும் போடாவிட்டால் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்தவர் உங்களுக்கு போன் செய்துகொண்டிருப்பார்.

3. விலையைச் சொல்லிவிடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸில் வரவும்’ என்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். பேரம் பேசும் பொருளாக இருந்தால் ‘800 ரூபாயிலிருந்து’ என்றாவது போடலாம். விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுபவர்கள் நிறைய.

4. கற்சிலை விற்பவர்கள் படம் எடுக்கும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறையில் அற்புதமாக இருக்கும் சிலை போனில் வெறும் கறுப்பு உருண்டையாகத் தெரிகிறது. உச்சி வெயிலும் ஃபிளாஷும் கருங்கல்லுக்கு எதிரி. காலை ஏழு, எட்டு மணிக்குக் கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக வரும். சிலையை அந்த வெளிச்சம் பக்கவாட்டில் படுமாறு திருப்பி வையுங்கள். அப்போதுதான் தும்பிக்கை மடிப்பும் பூணூலும் எடுப்பாகத் தெரியும். பின்னால் ஒரு சாதா வேட்டியைக் கட்டிவிட்டால் பட்டறைக் குப்பை மறைந்துபோகும். ஒரு படம் முன்பக்கம், ஒன்று பக்கவாட்டில், ஒன்று முதுகுப்பக்கம். நான்காவதில் சிலைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் வையுங்கள். அளவு சொல்ல அதைவிட எளிய வழி இல்லை.

கீழே எழுத வேண்டியவை: என்ன கல் (கருங்கல்லா, மாக்கல்லா), உயரம், எடை, விலை. எடையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. ஓரடிப் பிள்ளையாரைக்கூடக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. பார்சல் கட்டணமும் எடையை வைத்துத்தான். முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசி நேரத்தில் ‘வேண்டாம்’ என்ற பேச்சு வராது.

5. ‘பழங்காலச் சிலை’, ‘ஆன்டிக்’ என்றெல்லாம் விளம்பரத்தில் எழுதவே எழுதாதீர்கள். பார்க்கப் பழசு போல மெருகு கொடுத்திருந்தாலும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதுச் சிலைக்கே, ‘இது பழம்பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்புகிறார்கள். நீங்கள் ஆசைக்குப் போட்ட ஒரு வார்த்தை, வாங்கியவரைச் சுங்கத்தில் நிறுத்திவிடும். ‘2025இல் எங்கள் பட்டறையில் செதுக்கியது’ என்று ஆண்டோடு எழுதுங்கள், அதற்கும் மதிப்பு இருக்கிறது.

6. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எல்லாரும் அந்த முத்திரையைப் பதிவில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்ட பிறகுதான். பதிவு செய்யாத சிற்பி தான் எங்கே கற்றேன், எத்தனை வருடமாக உளி பிடிக்கிறேன் என்று சொல்லலாம். 1957இல் தொடங்கிய இங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர்கள் அதைச் சொல்லிக்கொள்ளத் தயங்குவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

7. சொந்த வாட்ஸ்அப்பையும் கடை வாட்ஸ்அப்பையும் கலக்காதீர்கள். மாமியார் அனுப்பிய காலை வணக்கத்துக்கு அடியில் ஆர்டர் புதைந்து போகும். கடைக்குத் தனி எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், அதுவும் இலவசம். பொருள் பட்டியலைப் படம், விலையோடு அதிலேயே ஏற்றலாம். அடிக்கடி வரும் கேள்விக்குப் பதிலை ஒருமுறை எழுதிச் சேமித்துக்கொண்டால் போதும். ‘அண்ணா, ரூம் ரேட் என்ன?’ என்று வந்தால் இப்படிப் போகட்டும்:

‘வணக்கம்மா. இரண்டு பேருக்கு ஏசி அறை, காலை டிபனோட. வார நாள் விலை இது, சனி ஞாயிறு விலை இது. கார் நிறுத்த இடம் இருக்கு. கடற்கரைக் கோயிலுக்கு நடந்தே போகலாம். எந்தத் தேதிக்கு வேணும்னு சொல்லுங்க.’

கடைசி வரியில் கேள்வி இருப்பதைக் கவனியுங்கள். பேச்சு அங்கே அறுந்துபோகாது. இன்னொன்று: பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்புவது உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். பில் கொடுக்கும்போதே ‘நம்பரை சேவ் பண்ணிக்குங்க சார்’ என்று சொல்லிவிடுங்கள்.

8. எப்போது போடுவது? சென்னைக்காரர் வார இறுதிப் பயணத்தை வியாழன் ராத்திரியும் வெள்ளி சாயங்காலமும்தான் யோசிக்கிறார். திங்கள் காலை போட்ட அழகான ரீல்ஸ் அவருக்கு உதவாது. மீன் வறுவல் கடை என்றால் தினமும் காலையில் ஒரே ஒரு ஸ்டேட்டஸ் போதும்: இன்று வந்தது வஞ்சிரமா, சங்கராவா, கடம்பாவா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாளில் ‘இப்போதான் கடலிலிருந்து வந்த வஞ்சிரம்’ என்று அளந்தால், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். சிறு படகில் என்ன கிடைத்ததோ அதையே சொல்லி விற்கலாம்.

விடுதிக்காரர்கள் காலண்டரை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் தொடங்கும் மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கு நவம்பரிலேயே அறிவிப்புப் போடலாம். 2022இல் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊர்ப்பெயரையே உலகம் தேடியது. அப்படி அடுத்தது வரும்போது உங்கள் மேப் பக்கத்தில் பழைய போன் நம்பர் இருந்தால் பரிதாபம்.

9. ரீல்ஸுக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். கடைக்கணக்கில் எல்லாப் பாட்டும் கிடைக்காது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் உரிமைப் பிரச்சினையில் வீடியோவே முடங்கலாம். உளிச் சத்தம், எண்ணெயில் மீன் விழும் சத்தம், அலைச் சத்தம், இவை இலவசம்.

10. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டை மேல் அனுமதியில்லாமல் டிரோன் விடக் கூடாது. விளம்பரப் படப்பிடிப்புக்கும் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். இனாமாக எடுத்துத் தருகிறேன் என்று வரும் தம்பியிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

11. நல்ல ரிவ்யூ எழுதினால் டிஸ்கவுண்ட் என்று பலகை வைக்காதீர்கள், கூகுள் விதிப்படி அது தப்பு. திட்டி எழுதியவருக்கு அன்றைக்கே பதில் எழுத வேண்டாம்; ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் இரண்டே வரி: என்ன நடந்தது, என்ன சரிசெய்தோம். அதைப் படிக்கப் போவது அவர் இல்லை, அடுத்து வரப்போகிறவர்.

12. ஃபாலோயர் விலைக்கு வாங்குவது வீண்செலவு. எங்கோ இருக்கும் பத்தாயிரம் போலிக் கணக்கு உங்கள் கடையில் வந்து டீ குடிக்காது. காசு கொடுத்து விளம்பரம் செய்வதென்றால் சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தை மட்டும் குறித்து, வியாழனிலிருந்து சனி வரை சின்னத் தொகையில் ஓட்டிப் பாருங்கள். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, ‘எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?’ என்று கேட்டுக் கோடு போட்டு வாருங்கள். ஒரு மாதத்தில் எது வேலை செய்கிறது என்று அந்த நோட்டே சொல்லும், லைக் எண்ணிக்கை சொல்லாது.

13. எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் சேர்த்த ரசிகர் கூட்டம் மொத்தமும் போயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணிநேரம் படுத்துவிட்டன. வாடிக்கையாளர் சம்மதத்தோடு அவர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும்.

14. பதிவு நாலு பேர் கண்ணில் பட ஆரம்பித்ததும் மோசடிக்காரன் கண்ணிலும் படும். ‘பெரிய ஆர்டர், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்பான். பணம் வாங்க யுபிஐ பின் எப்போதுமே தேவையில்லை. பின் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். ‘பணம் போட்டாச்சு’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே சரக்கை ஏற்றுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. கல்லாவில் உட்காரும் பையனுக்கும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.