எடை குறைப்பு அறுவைக்குப் பின்: வீட்டார் கற்க வேண்டிய பாடம்



அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் உண்டார்கள். காட்டிலும் தறியிலும் உடம்பை வருத்தி உழைத்தார்கள். இன்று நம்மில் பலருக்கு உட்கார்ந்த இடத்து வேலை, மூன்று வேளையும் அரிசி, இரவில் புரோட்டா. எடை ஏறியது, அதன் பின்னாலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூட்டு வலியும் வந்தன. எடை மிக அதிகமாகி, உணவுக் கட்டுப்பாடும் நடையும் பலன் தராத நிலையில், சிலர் மருத்துவர் சொல்படி மதுரை, கோவை, சென்னை என்று போய் எடை குறைப்பு அறுவை செய்துகொள்கிறார்கள்.

அறுவை செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். நாம் இந்த இதழில் பேச எடுத்துக்கொண்டது அதற்குப் பிந்தைய வாழ்க்கை. அறுவை ஒரே நாளில் ஒருவருக்கு நடந்து முடிகிறது. அதற்குப் பிறகு வரும் காலத்தை அந்த வீடே சேர்ந்து வாழ வேண்டியிருக்கிறது. அடுப்படி மாறாமல், விருந்துப் பழக்கம் மாறாமல், நோயாளி ஒருவர் மட்டும் மாறிவிட முடியாது.

இது வெட்கப்பட வேண்டியதல்ல

இந்த அறுவையைப் பலர் உறவினரிடம் மறைக்கிறார்கள். "வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான்" என்ற பேச்சுக்குப் பயம். ஆனால் இது அழகுக்காகச் செய்யும் சிகிச்சை அன்று. இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் பைபாஸ் முறையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கினார். நம் நாட்டில் நிதின் கட்கரி 2011இலும், அப்போது நிதி அமைச்சராக இருந்த அருண் ஜெட்லி 2014இலும் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டது செய்தித்தாள்களில் வந்ததே. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதை யாரும் கேலி செய்வதில்லை. இதையும் அப்படியே பார்ப்போம்.

மறைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அறுவை நடந்தது தெரியாத மாமி பாசத்தோடு இன்னொரு கரண்டி வைப்பார். அது தெரியாத உள்ளூர் மருத்துவர் ஒத்துக்கொள்ளாத மாத்திரையை எழுதிவிடுவார்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது?

இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. இதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, மீதி ஒரு குழாய்போல விடப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அகற்றப்படும் பகுதியில்தான் உண்டாகிறது. அதனால் பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டுமே இரைப்பையாக வேலை செய்யும்; உணவு குடலின் முதல் பகுதியைத் தொடாமல் நேரே அடுத்த பகுதிக்குப் போகும்.

இரண்டிலும் உண்ணும் அளவு குறைகிறது. அதோடு உணவிலிருந்து சத்தை உறிஞ்சும் திறனும் குறைகிறது. பைபாஸில் இது கூடுதல். முதலாவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது தெரியாது. பின்னால் வரும் துன்பங்களில் பல இந்த இரண்டாவதை மறப்பதால் வருகின்றன.

முதல் வாரங்கள்

முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், மோர் போன்றவை, பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வழக்கமான உணவு என்று படிப்படியாகப் போக வேண்டும். மருத்துவமனையில் தரும் அட்டவணையை அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். "பாவம், வெறும் தண்ணியா குடிக்குது" என்று இரக்கப்பட்டு இட்லி கொடுப்பது உதவி ஆகாது. உள்ளே தையல் ஆறிக்கொண்டிருக்கிறது.

காய்ச்சல், கடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத படபடப்பு, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அறுவை செய்த மருத்துவமனைக்குப் பேசுங்கள். அவசரம் என்றால் 108ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வாரங்கள் தொடர் வாந்தி இருந்தால் உடலில் தயமின் என்ற பி1 சத்து தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, மனக்குழப்பம் ஆகியவை அதன் அடையாளம். உடனே ஊசி மூலம் அந்தச் சத்தை ஏற்றாவிட்டால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் "அறுவை நடந்திருக்கிறது, பல நாளாக வாந்தி" என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வறண்ட ஊரில் தண்ணீர்

நம் வெயில் நமக்குத் தெரியும். வெளியே போய்வந்து செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பது நம் பழக்கம். சுருங்கிய இரைப்பைக்கு அது முடியாது. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை வேண்டும். ஆனால் மடக்கு மடக்காகத்தான் போக வேண்டும். தாகம் எடுத்த பிறகு ஈடுகட்ட முடியாது. ஒரு பாட்டில் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். உப்புப் போட்ட நீர்மோரும் நுங்கும் நல்லவை. பதநீர், ரோஸ்மில்க், பாட்டில் குளிர்பானம் ஆகியவற்றில் சர்க்கரை அதிகம். பைபாஸ் செய்தவர் இனிப்பைக் குடித்தால் அது வேகமாகக் குடலில் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டார் கண்ணேறு பட்டது என்று நினைப்பார்கள். காரணம் அந்த ஒரு டம்ளர் ரோஸ்மில்க்.

கொஞ்சமான தட்டில் எதை முதலில்?

தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும், உடம்பு சோரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனிலோ கோழியிலோ சுமார் 20 கிராம், 50 கிராம் பாசிப்பயற்றில் சுமார் 12 கிராம் இருக்கிறது. மீதியைப் பால், தயிர், பொட்டுக்கடலை ஆகியவற்றால் நிரப்பலாம். பயறும் உளுந்தும் நம் கரிசல் மண்ணில் விளைபவை, பெரிய செலவில்லை.

எனவே தட்டில் முதலில் புரதம், அடுத்து காய்கறி, கடைசியில் சோறு. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். வறண்ட ஆட்டுக்கறி, புரோட்டா, கெட்டியான சோற்று உருண்டை ஆகியவை தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். அதற்கு நேர்மாறாக, சேவும் மிக்சரும் பிஸ்கட்டும் நொறுங்கி எளிதாக இறங்கும். ஒரு கைப்பிடி சோறு தின்ன முடியாதவர் ஒரு பொட்டலம் சேவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்துவிடுவார். இறங்கிய எடை திரும்பி வரும் வழிகளில் இது முக்கியமானது.

மாத்திரைகளில் மூன்று எச்சரிக்கை

ஒன்று, பழைய மாத்திரைகள். எடை இறங்கும்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வேகமாக இறங்கலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நல்ல திட்டம். ஆனால் அறுவைக்கு முன் எழுதிய அளவே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அறுவை நடந்ததைச் சொல்லி, அளவைத் திரும்ப எழுதி வாங்குங்கள். தாமாக நிறுத்தவும் கூடாது.

இரண்டு, சத்து மாத்திரைகள். பல்சத்து மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையோடு தேநீர் வேண்டாம். கேப்சூலின் மேலுறை ஹலாலா என்ற ஐயத்தால் சிலர் எடுக்காமல் விடுகிறார்கள். விட வேண்டியதில்லை, விழுங்கும் மாத்திரையாகவோ மெல்லும் மாத்திரையாகவோ மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று, வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகள் பல, குறிப்பாக பைபாஸ் செய்தவருக்கு, குடல் இணைப்பில் புண் உண்டாக்கும். பீடியும் சிகரெட்டும் அப்படியே.

நோன்பும் விருந்தும்

ரமலான் வரும்போது முதலில் எழும் கேள்வி, நோன்பு வைக்கலாமா என்பது. ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாதவர் பகல் முழுதும் குடிக்காமல் இருந்துவிட்டு இரவில் ஈடுகட்டுவது கடினம். முதல் மாதங்களில் நோன்பு கூடாது. ஓராண்டு முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லும் மருத்துவர்கள் பலர். நோயாளி வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்றிக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் சொல்கின்றன. மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் போய்க் கேளுங்கள். நோன்பு வைக்கவில்லையே என்று அவரைக் குத்திக்காட்டும் உரிமை நமக்கில்லை.

பின்னாளில் அனுமதி கிடைத்து நோன்பு வைப்பவர், ஒரு பேரீச்சம்பழம், சில மடக்குத் தண்ணீர், சற்றுப் பொறுத்து மெலிதான கஞ்சி என்று தொடங்கலாம். வடையும் சமோசாவும் வேண்டாம். ஸஹர் வரை மடக்கு மடக்காகத் தண்ணீர் போகட்டும். தலைசுற்றலோ படபடப்போ வந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும்.

வலீமா பந்தியில் இன்னொரு சோதனை. "ஏம்மா, இவ்வளவுதானா? பிரியாணி நல்லா இல்லையா?" என்று நாம் கேட்போம். விருந்தாளியின் தட்டு காலியாக இருந்தால் நமக்கு மனம் கேட்காது. அது நம் நல்ல குணம். ஆனால் இவருக்கு ஒரு கரண்டி கூடினால் மீதி நேரம் குளியலறையில் வாந்தியோடு போகும். இரண்டு துண்டு கறி, கொஞ்சம் தயிர்ப் பச்சடி போதும் என்று அவர் சொன்னால் விட்டுவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் விருந்தோம்பல்தான்.

உடம்பும் மனமும்

மூன்றாம் மாதம் தொட்டு ஆறாம் மாதம்வரை முடி கொட்டலாம். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்கும். முகம் வாடித் தெரியும். "என்ன நோய்?" என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். சாப்பாட்டிலேயே ஆறுதல் தேடிப் பழகியவருக்கு அந்த ஆறுதலும் இப்போது இல்லை. சிலருக்கு மனச்சோர்வு வரும். அவரைத் தனியே விடாதீர்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பெண்களுக்கு ஒன்று. எடை குறையும்போது நின்றிருந்த மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிக்க வாய்ப்பு கூடும். 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிக்காமல் இருப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. பைபாஸ் செய்தவர் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல், வேறு முறை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கணவனும் மனைவியுமாகப் போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் அசராதீர்கள்

முதல் ஆண்டில் எடை இறங்குவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். நாற்காலியில் தொழுதவர் தரையில் ஸஜ்தா செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ். பிறகு, "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரை நிற்கிறது. மதுரைக்குப் போய்வரும் செலவை எண்ணி ரத்தப் பரிசோதனை நிற்கிறது. உடலில் சேமிப்பாக இருந்த பி12 சத்து தீர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். கால் மரத்துப்போவதும் மறதியும் தெரியவரும்போது நரம்பு கெட்டிருக்கும். முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது என்று 2007இல் அறிவித்தார்கள். அதே ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அறுவையால் பலன் உண்டு. கொஞ்சம் எடை திரும்புவதும் இயல்பு. திரும்பினால் குற்றவாளியைப்போல ஒளிய வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். ஒவ்வொரு முறையும் வெளியூர் போக இயலாவிட்டால், எந்தெந்தப் பரிசோதனை என்று எழுதி வாங்கி இங்கேயே செய்து, முடிவை அனுப்பிக் கேட்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

குடும்பமாக உட்கார்ந்து பேச

1. அவருடைய அறுவை எந்த வகை என்பது நம் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?
2. சத்து மாத்திரை தீர்வதற்கு முன் வாங்கிவைப்பது யார் பொறுப்பு?
3. கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்த தேதி என்ன? அடுத்தது எப்போது?
4. அடுத்த விருந்தில் அவர் "போதும்" என்றால், நாம் என்ன சொல்லப் போகிறோம்?

நோயிலிருந்து மீண்டு வருபவருக்கு இலகுவாக்கிக் கொடுப்பதும் தர்மம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.