முறை பிறழாப் படிவம்

திருமண விருந்தில் பரிமாறுவோர் முதல் இலையில் தொடங்கி, அடுத்தடுத்த இலைகளுக்கு வரிசையாகச் செல்வர். முதல் இலையிலிருந்து ஐந்தாம் இலைக்குத் தாவிப் பின் இரண்டாம் இலைக்கு மீள்வாராயின், உண்போர் மனம் நோகும். சிலர் இலை வெறிதாகவே கிடந்தொழியும். இணையத்தின் வாயிலாக நிரப்பப்படும் படிவங்களுக்கும் இத்தகைய ஒழுங்கு இன்றியமையாதது.

பெயர், பிறந்தநாள், முகவரி முதலியவற்றை எழுதுதற்குரிய கட்டங்கள் பல ஒரு படிவத்தில் உள்ளன. ஒரு நேரத்தில் ஒரு கட்டமே எழுத்தினை ஏற்கும். அந்நிலையைக் குவியம் என்பர். விசைப்பலகையின் இடப்பக்கத்துள்ள டேப் விசையை அழுத்தினால் குவியம் அடுத்த கட்டத்திற்குச் செல்லும். ஷிப்ட் விசையுடன் சேர்த்து அழுத்தினால் முந்திய கட்டத்திற்கு மீளும்.

கைந்நடுக்கம் உடையோர் சுட்டியை இயக்க இயலாது இடர்ப்படுவர். கண்ணொளி இழந்தோர்க்கோ அது பயன்படுவதே இல்லை. குவியம் நிற்கும் கட்டத்தின் பெயரைத் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் ஒலித்துக் காட்ட, அவர்கள் செவியால் அறிந்து நிரப்புவர். ஆதலின் டேப் விசை அவர்கட்கு ஊன்றுகோல் போன்றது.

குவியம் செல்லும் வரிசை யாது? படிவத்தின் மூலநிரலில் கட்டங்கள் எழுதப்பட்ட முறையே அவ்வரிசையாகும். இதனை மாற்றுதற்கு டேப்இண்டெக்ஸ் என்னும் பண்பு உண்டு. 1997ஆம் ஆண்டு வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.0 விதிகளிலேயே இஃது இடம்பெற்றது. இக்காலத்து அதன் மதிப்பு 0 எனின், அவ்வுறுப்பு இயல்பான வரிசையில் சேரும். -1 எனின், டேப் விசை அதனைக் கடந்து செல்லும். 1, 2, 3 போன்ற எண்கள் இடப்பெற்றவை ஏறுவரிசையில் முந்திக்கொள்ளும். எண் பெறாதவை அவற்றின் பின்னரே வரும்.

இவ்வெண்களால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். உதவித்தொகைப் படிவம் ஒன்றில் பெயருக்கு 1, முகவரிக்கு 2, அனுப்பும் பொத்தானுக்கு 3 என எண்கள் இடப்பட்டன என்று கொள்க. பின்னர் ஒருவர் குடும்ப வருமானத்திற்கு ஒரு கட்டம் சேர்த்து, எண் இடாது விடுகிறார். கண்பார்வையற்ற மாணவி ஒருத்தி முகவரியை எழுதி டேப் விசையை அழுத்துகிறாள். 'அனுப்புக' என்னும் ஒலி கேட்கிறது. படிவம் முடிந்ததென எண்ணி அவள் அனுப்பிவிடுகிறாள். வருமானம் குறிக்கப்படாத விண்ணப்பம் தள்ளப்படுகிறது. பிழை அவளுடையதன்று, அமைத்தவருடையதே. ஆகவே மூலநிரலையே செவ்வனே வரிசைப்படுத்தி, இவ்வெண்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

குவியம் நிற்கும் இடத்தைக் காட்டும் கோட்டினை அழகின் பொருட்டு நீக்குவாரும் உளர். அஃது இருள்வழியில் ஏற்றிய விளக்கை அவிப்பதை ஒக்கும். உலகளாவிய வலை அமைப்பு 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அணுகுதன்மை நெறிமுறைகள், குவியம் பொருள் சிதையாத வரிசையில் செல்லுதல் வேண்டும், அது கண்ணுக்குப் புலனாதல் வேண்டும், ஓரிடத்திற் சிக்கி மீளாது நிற்றல் கூடாது என மூன்றையும் வலியுறுத்துகின்றன.

படிவத்தின் செம்மையை ஆராயும் வழி எளிது. சுட்டியை ஒதுக்கிவிட்டு, டேப் விசையொன்றையே கொண்டு தொடக்கம் முதல் இறுதிவரை சென்று பார்த்தல் வேண்டும். அமைப்பவர் இச்சிறு முயற்சியை மேற்கொள்வாராயின், பிறர் துணையின்றித் தம் பெயரைத் தாமே எழுதும் உரிமை எல்லார்க்கும் உரியதாகும்.